சாவி அண்ணனைப் பற்றி யாரும் நல்லதாகச் சொல்லக் கூடாது

என் வீட்டுக்காரரை விருதுக்குப் பரிந்துரை செய்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று அவருக்கு வயிற்றைக் கலக்கியது. மற்றவர்களுக்கு விருது என்றால் புதுச் சட்டை வாங்கத் தோன்றும். இவர் நேராகக் கழிவறைக்குப் போனார். எங்கள் குடும்பத்தில் நல்ல சேதி வந்து இறங்கும் லட்சணம் எப்போதுமே இப்படித்தான்.

அவர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறார் என்று சொன்னால் கேட்பவர்கள் ஒரு கணம் மரியாதையாகப் பார்ப்பார்கள். என்ன பாடம் என்பார்கள். கதவு என்பேன். விரிவுரைக் கட்டடம் ஒன்றின் சாவிகள் முழுவதும் அவரிடம் இருக்கின்றன. காலையில் திறப்பது, மாலையில் பூட்டுவது, நடுவில் நாற்காலி போடுவது, எடுப்பது, மைக் வேலை செய்யாவிட்டால் தட்டுவது, புரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் அதையும் தட்டுவது. மாணவர்களுக்கு அவர் சாவி அண்ணன். சொந்தப் பெயர் அவர்களில் யாருக்கும் தெரியாது. எனக்கே சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்; வீட்டில் 'என்னங்க' என்று கூப்பிட்டே காலம் ஓடிவிட்டது.

மனிதருக்குச் சிரிக்கத் தெரியாது. உதவி செய்வதானால் முதலில் திட்ட வேண்டும் அவருக்கு. "ஏன்டா, வீட்ல ஒரு பேனாகூடவா வாங்கித் தரல?" என்று நாலு பேர் கேட்கக் கத்திவிட்டுத் தன் பேனாவைக் கொடுப்பார். கொடுத்த பேனாவைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து என் பேனாவை எடுத்துக்கொண்டு போவார்.

மாலை ஆறு மணிக்கு மேல் அந்தக் கட்டடத்தில் மாணவர் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. இவர் விதியை மீற மாட்டார். சரியாக ஆறு மணிக்கு முன்வாசலில் நின்று, "எல்லாரும் வெளிய போங்க! பூட்டப் போறேன்!" என்று தெருவைப் பார்த்துக் கத்துவார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே படித்துக்கொண்டிருப்பவர்கள் தலையைத் தூக்க மாட்டார்கள். பிறகு முன்கதவைப் பூட்டிவிட்டு, பின்கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்து கொள்வார். எட்டு மணி வாக்கில் திரும்ப வந்து எல்லோரையும் விரட்டிவிட்டு நிஜமாகப் பூட்டுவார். விதிப்படி சத்தம் போட்டாச்சு, காதில் விழவில்லை என்றால் நான் என்ன செய்வது என்பது அவருடைய வாதம். யாரும் கேட்காமலே அதை என்னிடம் அடிக்கடி வாதாடுவார்.

அவர் தற்காலிக ஊழியர். எங்கள் பெண் பிறப்பதற்கு முன்பிருந்தே தற்காலிகம். அவள் இப்போது எனக்கு மேல் வளர்ந்து என்னையே அதட்டுகிறாள். அப்பா மட்டும் இன்னும் தற்காலிகம். வருஷா வருஷம் ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் மனிதர் பாதி ஆளாகிவிடுவார். வீட்டுக்காரம்மா வாடகையைப் பற்றிப் பேச வந்தால்கூட எழுந்து நிற்பார். இந்த வருஷம்தான் ஒருவழியாக நிரந்தரம் செய்யும் பட்டியலில் அவர் பெயர் வந்தது. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், பிறகு கிடையவே கிடையாது. விதிமீறல் எதுவும் பதிவாகியிருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. கையெழுத்துப் போட வேண்டியவர் பதிவாளர். பதிவாளர் எப்படிப்பட்டவர் என்றால், பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்தவர் ஒரு விடுமுறை நாளில் ஆய்வகத்தைத் திறந்துவிட்டார் என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்பியவர்.

இந்த நிலைமையில்தான் மாணவர்களே தேர்ந்தெடுக்கும் விருது என்று ஒன்றை அறிவித்தார்கள். நல்ல ஆசிரியர் ஒருவருக்கு, நல்ல உதவி ஊழியர் ஒருவருக்கு. யாருக்கு வேண்டுமானாலும் மாணவர்கள் பரிந்துரை எழுதலாம்.

எனக்குப் பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடை. ஒரு நாள் காலை ஒரு பையன் வந்து, "அக்கா, சாவி அண்ணன் பேரு என்னக்கா?" என்றான். சொன்னேன். "இதுவா?" என்று ஏமாற்றமாகப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து அதே கேள்வியைக் கேட்டாள். மத்தியானத்துக்குள் கடையில் கூட்டம். எல்லோர் கையிலும் என் வீட்டுக்காரரைப் பற்றிய பாராட்டு, பிரதி எடுக்க. ஜெராக்ஸ் கடைக்காரி படிக்க மாட்டாள் என்று நினைக்கிறவர்கள் அப்பாவிகள். எல்லாவற்றையும் படித்தேன். உச்சி குளிர்ந்து போய்விட்டது. ஆளுக்கு ஒரு பிரதி கூடுதலாக அடித்து வைத்துக்கொண்டு, மாலையில் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் போட்டேன்.

"எதுக்கு இவ்ளோ பல்லைக் காட்டறே?" என்றார்.

"படிங்க முதல்ல."

கண்ணாடி இல்லை என்றார். எங்கள் பெண் எடுத்துச் சத்தமாக வாசித்தாள்.

'ஆறு மணிக்குமேல் தங்கக் கூடாது என்ற விதி இருந்தும், சாவி அண்ணன் எங்களைத் தினமும் பின்கதவு வழியாக உள்ளே விட்டார்.'

'விடுதியில் சண்டை போட்டுவிட்டு வந்த எனக்கு இரண்டு நாள் கருத்தரங்க அறையைத் திறந்து கொடுத்தார். யாரிடமும் சொல்லாதே என்றார். இன்றுதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.'

'வாய்மொழித் தேர்வன்று என் சட்டையில் மை கொட்டிவிட்டது. தன் சீருடைச் சட்டையைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டு அன்று முழுவதும் பனியனோடு வேலை பார்த்தார்.'

அந்தச் சட்டை எங்கே போனது என்று நான் வீடு முழுக்கத் தேடியது எனக்குத்தான் தெரியும்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எங்கள் பெண் வாசிப்பதை நிறுத்தினாள்.

"யாரு எழுதினது இதெல்லாம்?"

"உங்க பசங்கதான். உங்க மேல உசுரையே வெச்சிருக்காங்க," என்றேன்.

"உசுரை வெச்சவன் இப்படியாடி எழுதுவான்? இது பாராட்டா? குற்றப்பத்திரிகைடி இது!"

"தேதி, நேரம் எல்லாம் போட்டிருக்காங்கப்பா," என்றாள் பெண்.

"அது எதுக்குப் போட்டாங்க?"

"குறிப்பிட்ட நிகழ்ச்சியை விவரிக்கணுமாம். சும்மா பொதுவா நல்லவர்னு எழுதினா செல்லாதாம்."

"யாரு படிச்சுப் பாக்கறது?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள். "தேர்வுக் குழு. அதுக்குத் தலைவர் பதிவாளர்."

அப்போதுதான் அவர் எழுந்து கழிவறைக்குப் போனது.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் உலகத்தில் யாரும் செய்யாத ஒரு வேலையைச் செய்தார். தன்னைப் பற்றி நல்லதாகச் சொன்னவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய், சொல்லாதே என்று கெஞ்சினார். முதலில் ஒரு பையனைப் பிடித்தார். "தம்பி, என்னைப் பத்தி எழுதினதைத் திருப்பி வாங்கிக்கோடா." பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்குத்தான் எவ்ளோ தன்னடக்கம்ண்ணே!" என்றவன், அன்று மாலையே என் கடைக்கு வந்து அந்த ஒரு வரியையும் சேர்த்து மறுபடி பிரதி எடுத்துப் போனான்.

சரி, நல்லவனாகப் பேசினால் வேலைக்கு ஆகாது என்று அடுத்தவனிடம் எரிந்து விழுந்தார். "இனிமே அந்தக் கட்டடத்துப் பக்கம் உன்னைப் பாத்தேன், காலை ஒடிச்சிடுவேன், போடா!" அவன் விழுந்து விழுந்து சிரித்தான். 'எங்களைத் திட்டுவார், திட்டி முடித்ததும் பின்கதவைத் திறந்துவிடுவார்' என்று அவனும் சேர்த்து எழுதினான். என் கடைக்கு நல்ல வியாபாரம். அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன். "பாப்பாம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. அவ ஒருத்திக்குத்தான் சொன்னா புரியும்."

பாப்பாம்மா என்பது ஒரு மாணவி. கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்த பிறகு மறுபடி படிக்க வந்தவள். இறுதித் தேர்வன்று குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருந்த நாத்தனார் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். இவள் குழந்தையோடு கட்டட வாசலில் நின்று அழுதிருக்கிறாள். தேர்வுக் கட்டடத்துக்குள் குழந்தைக்கு அனுமதி கிடையாது. என் வீட்டுக்காரர், "பரீட்சைக்குக் குழந்தையைத் தூக்கிட்டு வர்ற ஆளை இப்பதான் பாக்கறேன், புத்தி இருக்கா?" என்று திட்டிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு போய், அரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் புரொஜெக்டர் அறையில் துணி விரித்துப் படுக்க வைத்தார். அது அழ ஆரம்பித்தபோதெல்லாம் பக்கத்து அறையில் இரும்பு நாற்காலிகளைத் தரையில் இழுத்துச் சத்தம் போட்டார். தேர்வு மேற்பார்வையாளர் வெளியே வந்து, அறிவு இருக்கா என்று இவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். அவள் தேறினாள்.

கடையில் வைத்து அவளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணா, நான் எழுதினதுல முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் பாப்பாதானே இருக்கா."

"அதான்மா. அந்தப் பாப்பாதான் என் வேலைக்கு உலை வைக்கும்."

கெடு முடிந்துவிட்டதால் பரிந்துரையைத் திரும்பப் பெற முடியாது. குழு இன்னும் படிக்க ஆரம்பிக்கவில்லை, வேண்டுமானால் பழையதை எடுத்துவிட்டுத் திருத்தி வைக்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பாப்பாம்மா மாணவர்களை ஒருவர் விடாமல் கூட்டி உட்கார வைத்துப் பேசினாள். இரண்டு மூன்று நாளில் எல்லோரும் புதிதாக எழுதிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். 'சாவி அண்ணன் காலையில் கதவைத் திறக்கிறார். மாலையில் பூட்டுகிறார். இதைத் தினமும் செய்கிறார்.' 'அவர் எனக்கு எந்த உதவியும் செய்ததில்லை. அதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' 'நாற்காலிகள் தேவையான அளவு இருக்கின்றன.' வாழ்நாளில் அவ்வளவு மட்டமான பாராட்டை நான் பிரதி எடுத்ததில்லை. ஆனாலும் எண்ணிக்கையில் அவருக்கு வந்ததுதான் அதிகம். அதிகப் பரிந்துரை வாங்கியவருக்காக எழுதிய மாணவர்களை நேரில் விசாரிக்க வேண்டும் என்று விதிகளில் ஒரு மூலையில் இருந்திருக்கிறது.

விசாரணை எங்கே? இவருடைய கட்டடத்தில்தான். அறையைக் கூட்டி, நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, கதவருகே நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்ப வேண்டியவர் யார்? இவர்தான். உள்ளே நடந்ததை அவர் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னார். நான் ஒட்டவைத்துச் சொல்கிறேன்.

பதிவாளர் முதல் பையனைக் கேட்டிருக்கிறார். "அவர் உங்களுக்கு என்ன செஞ்சார்?"

"கதவைத் திறந்தார் சார்."

"அப்புறம்?"

"மூடினார் சார்."

"வேற?"

பையன் நிறைய யோசித்துவிட்டு, "சத்தமில்லாம மூடினார் சார்," என்றானாம்.

இப்படியே எல்லோரும். குழுவில் இருந்த ஒரு பேராசிரியை பாதியில் எழுந்து தண்ணீர் குடித்திருக்கிறார். கடைசியாகப் பாப்பாம்மா போனாள். பதிவாளர் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார் போல. கொஞ்சம் கனிவாகவே கேட்டிருக்கிறார்.

"கைக்குழந்தையோட படிச்சு முடிச்சிருக்கீங்க. பெரிய விஷயம்மா. பரீட்சை அன்னிக்குக் குழந்தையை யார் பாத்துக்கிட்டாங்க?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"வீட்ல விட்டுட்டு வந்தேன் சார்."

"இந்தக் கட்டடத்துல யாராவது உதவி பண்ணாங்களா?"

"இல்ல சார். யாரும் ஒண்ணும் செய்யல."

"அப்புறம் எதுக்கும்மா இவரைப் பரிந்துரை பண்ணீங்க?"

"நல்லா பூட்டறார் சார்."

விசாரணை முடிந்து வந்தவள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அன்று அவள் அழுகையைவிடக் கண்டம் தப்பியதுதான் பெரிதாக இருந்தது.

உதவி ஊழியர் விருது, அலுவலகத்தில் 'விசாரணை' என்று எழுதிய ஜன்னலில் உட்காரும் அம்மாளுக்குப் போனது. அவர் எதைக் கேட்டாலும் நாளைக்கு வா என்பார். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வார். விழாவுக்கு நாற்காலி போட்டது என் வீட்டுக்காரர். மைக்கைத் தட்டிச் சரிசெய்து கொடுத்ததும் அவர்தான். ஓரமாக நின்று கை தட்டிவிட்டு, எல்லோரும் போனதும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் நிரந்தர ஆணை வந்தது. பதிவாளர் தன் கையாலேயே கொடுத்தாராம். கொடுக்கும்போது சொன்னாராம்: "உங்களைப் பத்தி நான் நல்லா விசாரிச்சேன். இத்தனை வருஷத்துல கெட்டதா ஒண்ணும் இல்ல, நல்லதாவும் ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல! உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்."

நான் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு ரெண்டு கொடுத்தேன், எரியட்டும் என்று. அவர் ஒன்றை எடுத்துப் பாதி கடித்து வைத்துவிட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மனிதர் ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருந்தார். முதல் வாரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது வாரம் சமையலறை டப்பாக்களை உயரப்படி அடுக்கினார். உப்பு எங்கே இருக்கிறது என்று என் சமையலறையில் நான் அவரைக் கேட்க வேண்டி வந்தது. மூன்றாவது வாரம் எங்கள் பெண் எப்படி உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். "அம்மா, அப்பாவுக்கு ஓவர்டைம் எதுவும் கிடையாதா?" என்று அவள் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

ஒரு நாள் நல்ல மழை. கடையைச் சாத்தப்போன நேரத்தில் மூன்று பெண்கள் நனைந்துகொண்டு வந்து ஒதுங்கினார்கள். புத்தகத்தையெல்லாம் துப்பட்டாவுக்குள் சுற்றி வைத்திருந்தார்கள்.

"அக்கா, சாவி அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் ஒருத்தி.

"ஏன்? நல்லாத்தான் இருக்கார்."

"இல்லக்கா, நாளைக்குப் பரீட்சை. ஹாஸ்டல்ல கரண்ட் இல்ல. ஆறு மணிக்கு எங்களை வெளிய அனுப்பிட்டுப் பின்கதவையும் பூட்டிட்டார். திட்டக்கூட இல்லக்கா. அதான் உடம்பு சரியில்லையோன்னு..."

அவர்களைக் கடைக்குள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"புள்ளைங்க மழையில நிக்குதுங்க. நீங்க இங்க உக்காந்து செய்தி பாருங்க."

"ஆறு மணிக்கு மேல யாரும் உள்ள இருக்கக் கூடாது."

"இந்த வெங்காய விதி போன மாசமும் இருந்துச்சு."

"போன மாசம் நான் தற்காலிகம்."

"வேலை எப்ப வேணா போகும்னு இருந்தப்ப திறந்து விட்டீங்க. இப்ப போகாதுன்னு ஆனப்புறம் பயந்து பூட்டறீங்களா? இது என்ன கணக்கு?"

"பயம் இல்லடி," என்றார். டிவியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு அந்தப் பொண்ணு சொல்லுச்சே, யாரும் ஒண்ணும் செய்யலன்னு. நான்தான் சொல்லச் சொன்னேன். ஆனா அதைக் காதால கேட்டப்போ வலிச்சுது. எல்லாப் புள்ளைங்களும் வரிசையா வந்து ஒண்ணும் செய்யல, ஒண்ணும் செய்யலன்னு சொல்லுச்சுங்க. அந்த ஆளும் ஒண்ணுமே இல்லன்னு கையில ஆர்டரைக் குடுத்தார். நிஜமாவே நான் ஒண்ணும் செய்யலையோன்னு ஆயிடுச்சு. அப்புறம் எதுக்கு அந்தக் கதவை நான் திறந்து வைக்கணும்?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் மேல் எனக்குப் பாவமாக இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

"அவ உங்களுக்காகப் பொய் சொன்னா. சொல்லிட்டு வந்து என் கடையில உக்காந்து அப்படி அழுதா. நீங்க இப்ப அந்தப் பொய்யை உண்மையாக்கிட்டு இருக்கீங்க," என்றேன்.

அவர் டிவியை அணைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி நடந்தார். அவர் தலை மறைந்த பிறகு நான் நன்றாக அழுதேன்.

எங்கள் பெண் உள்ளேயிருந்து வந்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"கட்டடத்தைத் திறக்கப் போயிருக்கார்."

"இந்நேரத்துலயா? மாட்டிக்கிட்டார்னா?"

"மாட்டட்டும்," என்றேன். "அப்பவாவது எல்லாரும் வந்து உண்மையைச் சொல்லட்டும்."